கைக்குழந்தையோடு இரண்டு ராத்திரி

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மாமல்லபுரமும் ஒன்றுதான், மூணாறும் ஒன்றுதான். பசிக்கும்போது பால் வருகிறதா, தூக்கம் வரும்போது படுக்க இடம் இருக்கிறதா, கண் விழித்தால் அம்மா தெரிகிறாளா என்பதுதான் அதன் கணக்கு. இதில் ஒன்று பிசகினாலும் ரிசார்ட் முழுக்கக் கேட்கும்படி அழும். மூன்றும் சரியாக இருந்தால், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கொடுத்தாலே அரை மணி நேரம் ஓடிவிடும். நாளைக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கடல் தெரியும் அறை எடுத்தவருக்கு இதைப் பார்க்கக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

அதனால் முதலிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ரிசார்ட்டுக்குப் போகிறோம் என்றால் ரிசார்ட்தான் பயணம். அங்கிருந்து எங்கெங்கே போய்வரலாம் என்ற பட்டியல் வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்கு அடுத்த அத்தியாயம் இருக்கிறது. இது இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று கிளம்புகிறவர்களுக்கு. உதாரணத்துக்குச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்கிறேன். ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்கள் கடலை மட்டும் கழித்துவிட்டுப் படிக்கலாம்.

எத்தனை நாள் என்றால், இரண்டு ராத்திரி. ஒரு ராத்திரி போதாது. பெரும்பாலான ரிசார்ட்டுகளில் மதியம் 2 மணிக்குத்தான் அறை தருவார்கள், மறுநாள் 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். இருபத்தொரு மணி நேரத்தில் பாதி மூட்டை பிரிப்பதிலும் கட்டுவதிலும் போய்விடும். முதல் ராத்திரி புது இடம் என்று குழந்தை சரியாகத் தூங்காது, அதனால் நீங்களும் தூங்க மாட்டீர்கள். நிம்மதியாகத் தூங்குவது இரண்டாவது ராத்திரிதான். அந்த ராத்திரிக்கு முன்பே ஊர் திரும்பினால், கஷ்டப்பட்டதற்குக் காசு கொடுத்த கதையாகிவிடும். மூன்றாவது நாளில் டயப்பர் தீரும், மாற்றுத்துணி தீரும், ரிசார்ட் சாப்பாடு எல்லோருக்கும் சலிக்கும்.

எவ்வளவு தூரம்

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ஒரு தூக்கத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்று பாருங்கள். சென்னை நகருக்குள்ளிருந்து மாமல்லபுரம் 55 கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். குழந்தையின் பகல் தூக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சாப்பாடு கொடுத்து, டயப்பர் மாற்றி, கண் சொக்கும் நேரத்தில் வண்டியை எடுத்தால் இறங்கும்போதுதான் முழிக்கும். புதுச்சேரி 150 கிலோமீட்டர். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, இறக்கிவிட்டு, ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். விடியற்காலை இருட்டில் கிளம்பினால் தூங்கிக்கொண்டே வரும் என்று சிலர் சொல்வார்கள். குழந்தை வரும், ஓட்டுகிறவரும் தூங்கிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

மலை என்றால் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஏலகிரிக்கு 14, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொதுவாக வண்டி வாந்தி வருவதில்லை. வருவது நான்கு வயது மூத்ததுக்கும், பின்சீட்டில் குனிந்து குனிந்து பால் கொடுக்கும் அம்மாவுக்கும். வளைவு தொடங்கும் முன் அடிவாரத்திலேயே நிறுத்தி, எல்லா வேலையையும் முடித்துவிட்டு ஏறுங்கள். வாந்தி மாத்திரையைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குள் கூடாது.

ஊட்டி, கொடைக்கானல் இரண்டையும் இந்த வயதுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் நள்ளிரவு டயப்பர் மாற்றிப் பாருங்கள், தெரியும். 2024 மே மாதம் முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் அங்கே அனுமதிப்பதில்லை என்பதால் எவர்சில்வர் பாட்டில் கட்டாயம்.

சொந்தக் காரோ வாடகைக் காரோ, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது நம் ஊர் வழக்கம். விட்டுவிட வேண்டிய வழக்கம். திடீர் பிரேக்கில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. போதாததற்கு ஏர்பேக் விரிந்தால் அது குழந்தையின் முகத்தில்தான் விரியும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை சீட் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ பொருத்தாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டமே சொல்கிறது. வாடகைக் காரில் குழந்தை இருக்கை இருக்காது. கையில் எடுத்துப் போய்ப் பின்சீட்டில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த நாள்

குழந்தை எல்.கே.ஜி. சேரும்வரை உங்களுக்குப் பள்ளி விடுமுறை என்ற கட்டாயம் இல்லை. இந்தச் சுதந்திரம் இரண்டு மூன்று வருடம்தான், அதற்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன் ராத்திரிகளில் வாடகை குறைவு, நீச்சல் குளம் காலி, சமையல்கட்டிலும் சொன்னதைக் கேட்க ஆள் இருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அங்கே பாதி வருமானம் கல்யாண வரவேற்பிலிருந்தும் கம்பெனி பார்ட்டிகளிலிருந்தும் வருவது. புல்வெளியில் டிஜே போட்டால் ராத்திரி வெகுநேரம் வரை அறைக் கண்ணாடி அதிரும். ஆகையால் வீட்டுத் தேதி காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களையும் அதற்கு முந்தின நாட்களையும் அடித்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடியில் வெயில் இன்னும் தணிந்திருக்காது. மார்கழியின் பிற்பகுதி, அதாவது புத்தாண்டுக் கூட்டம் கலைந்து பொங்கலுக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன இடைவெளி, என் கணக்கில் வருடத்திலேயே நல்ல வாரம். வடகிழக்குப் பருவமழை அநேகமாக ஓய்ந்திருக்கும், வெயில் உறைக்காது, வாடகையும் இறங்கியிருக்கும். காணும் பொங்கலை ஒட்டி மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் கடற்கரை ரிசார்ட் எடுப்பது ஏ.சி. அறைக்குள் அடைந்து கிடப்பதற்குக் கொடுக்கும் வாடகை.

போனில் கேட்க வேண்டியது

இணையத்தில் புக் செய்தாலும் ஒருமுறை ரிசார்ட்டுக்கே நேராகப் போன் செய்துவிடுங்கள். மத்தியச் சேவை எண்ணில் எடுப்பவருக்கு அந்த இடத்தில் எத்தனை படி இருக்கிறது என்று தெரியாது. பேச்சு இப்படித்தான் போகும்:

“மேடம், ஸீ வியூ ரூம் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல இருக்கு, அப்கிரேட் பண்ணித் தரட்டுமா?”

“வியூ வேண்டாங்க. கீழ்த்தளத்துல, ரெஸ்டாரன்ட் பக்கத்துல குடுங்க. ஆனா குளத்தைப் பாத்து வாசல் இருக்கக் கூடாது. குழந்தை நடக்க ஆரம்பிச்சிருக்கான்.”

“பூல் வியூதான் எல்லாரும் கேப்பாங்க மேடம்…”

“அதான் எங்களுக்கு வேண்டாங்கறேன்.”

மாடி அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பால்கனி ஒரு பயம், படிக்கட்டு ஒரு பயம். அறை வாசலிலிருந்து நான்கு எட்டில் குளம் இருப்பது எல்லாவற்றையும் விடப் பயம். தனித்தனிக் குடில்களாகப் பரந்து கிடக்கும் ரிசார்ட்டில் சாப்பாட்டு அறைக்குத் தொலைவு எவ்வளவு என்று கேளுங்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் மணல் பாதையில் நடப்பதைக் கற்பனை செய்துகொண்டு கேளுங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மாமல்லபுரம் கடற்கரை விடுதி போன்ற பழைய இடங்களில் தனியார் ரிசார்ட்டின் பளபளப்பு இருக்காது. மரநிழலும் விஸ்தாரமான தரையும் இருக்கும். தவழும் வயதைத் தாண்டி ஓடும் வயதுக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அது போதும்.

அந்தத் தேதியில் பார்ட்டி புக்கிங் உண்டா, முன்கூட்டியே அறை தருவார்களா, குழந்தைகளுக்கான குளம் தனியாக இருக்கிறதா, ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, தரையில் போட ஒரு மெத்தை கூடுதலாகக் கிடைக்குமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம். ஐந்து வயதுவரை பல இடங்களில் கட்டணம் இல்லை, ஆனால் கூடுதல் மெத்தைக்குப் பணம் கேட்பார்கள். வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும்; 7,600 ரூபாய் அறை 8,968 ஆகும். இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடப் போகிறது. மூன்று வேளையும் சேர்த்த திட்டத்தை எடுக்காதீர்கள். காலைச் சாப்பாடு சேர்ந்திருந்தால் போதும். மதியம் பஃபே திறக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுச் சின்னது தூங்கிக்கொண்டிருக்கும்.

தூளி இல்லாத அறை

நம் வீட்டுப் பயணங்களில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், இங்கேதான். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பழைய புடவையில் தூளி கட்டி ஆட்டித் தூங்கிப் பழகிய குழந்தைக்குக் கட்டில் என்பது ஏறிக் குதிக்கும் இடம். ரிசார்ட் அறையில் அண்ணாந்து பார்த்தால் ஜிப்சம் சீலிங்கும் சின்னச் சின்ன விளக்குகளும்தான் தெரியும்; கொக்கி இருக்காது. இருக்கும் ஒரே கொக்கியில் ஃபேன் தொங்கும். அதில் கட்டலாமா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். பால்கனிக் கம்பியிலும் திரைச்சீலைக் கம்பியிலும் கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. திரைச்சீலைக் கம்பி ஒரு பூனையைக்கூடத் தாங்காது.

மடக்கி எடுத்துப் போகும் இரும்புத் தொட்டில் ஸ்டாண்ட் கடைகளில் கிடைக்கிறது. காரின் டிக்கியில் போகும். குழந்தை அதற்குரிய எடையைத் தாண்டவில்லை என்றால், தூளிப் பழக்கம் கெட்டியாக இருக்கும் வீட்டுக்கு இதுதான் நேர்வழி. வீட்டில் ஒரு வாரம் அதிலேயே தூங்க வைத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும். ரிசார்ட்டில் போய்த்தான் முதன்முதலில் பிரிப்போம் என்றால், ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டுவது என்று ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பேரும் சண்டை போட வேண்டி வரும்.

ஸ்டாண்ட் வேண்டாம் என்பவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பகல் தூக்கத்தை மட்டும் பாய்க்கு மாற்றுங்கள். ராத்திரித் தூளியைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் இரண்டும் கெடும். பகலில் பாயில் படுக்கப் பழகிவிட்டால், ரிசார்ட்டில் ராத்திரியும் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்துவிட முடியும். வீட்டில் போர்த்தும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். அந்த வாசனைக்காகத்தான். பாட்டிமார் கேட்டால் முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

படுக்கை எப்படி இருக்க வேண்டும்? ஹவுஸ்கீப்பிங்கில் சொல்லிக் கூடுதல் மெத்தையை வாங்கி, அறை நடுவில் தரையில் போடுங்கள். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினால் விழாது என்று நினைக்கத் தோன்றும். மெத்தைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் குழந்தை நழுவிச் சிக்கிக்கொள்வது கீழே விழுவதை விட ஆபத்து. ரிசார்ட் மெத்தையும் கம்பளியும் தலையணைகளும் வீட்டில் இருப்பதைவிட மெத்து மெத்தென்று புதையும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அவற்றுக்கு நடுவே போடக் கூடாது. மூச்சு முட்டும். தட்டையான, கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே குடை போல விரியும் கொசுவலையைக் கவிழ்த்துவிடுங்கள். ஏ.சி. 26-இல் இருக்கட்டும், காற்று நேராக மேலே விழாமல்.

அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியை இறக்கியதும் குழந்தையை இறக்கிவிடாதீர்கள். ஒருவர் குழந்தையை வெளியே வைத்துக்கொள்ள, இன்னொருவர் மண்டியிட்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். சிரிக்க வேண்டாம், நின்றபடி பார்த்தால் தெரியாதது அந்த உயரத்தில் தெரியும். டீ தட்டிலிருந்து தொங்கும் கெட்டில் வயர், கட்டிலுக்கடியில் திறந்து கிடக்கும் பிளக், யாரோ விட்டுப் போன மாத்திரை, மேஜையின் கூர்முனை, கொசு மருந்துக் குப்பி. கெட்டிலை அலமாரி உச்சிக்கு ஏற்றுங்கள், சின்ன ஃப்ரிட்ஜின் கதவை ஒட்டிவிடுங்கள். இதற்காகவே ஒரு சுருள் டேப் பையில் இருக்கட்டும். குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் கத்தும் குழந்தைகள் எல்லா ரிசார்ட்டிலும் உண்டு. ஒரு துண்டை மடித்துக் கதவின் மேல் போட்டால் கதவு முழுதாகச் சாத்தாது. வெந்நீர்க் குழாயை உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள், சில இடங்களில் ஆவி பறக்க வரும். பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்தப் பால்கனி குழந்தைக்கு இல்லை. கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல் பக்கம் என்றால் குரங்குக்காகவும் பூட்ட வேண்டும். பிஸ்கட் வைத்திருக்கும் கை எவ்வளவு சின்னதோ அவ்வளவு தைரியமாக அது வரும்.

இட்லி கிடைக்கும், நேரத்துக்குக் கிடைக்காது

குழந்தை ஐந்தரைக்கு எழுந்து உட்காரும். ரிசார்ட்டில் காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான். ராத்திரி ஆறரைக்குப் பசிக்கும்; பஃபே எட்டு மணிக்கு மூடியைத் திறக்கும். இந்த இரண்டு இடைவெளியையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். சொந்தமாக ஒரு சின்ன கெட்டில், சத்துமாவு அல்லது ராகி மாவு, ஒரு சீப்பு வாழைப்பழம், நெய், உப்பு, ஒரு டப்பா பொரி. அறையில் இருக்கும் கெட்டிலில் முந்தின விருந்தாளி நூடுல்ஸ் வேகவைத்தாரா முட்டை வேகவைத்தாரா என்பது யாருக்கும் தெரியாது.

முதல் நாள் சாயங்காலம் சமையல்காரரை நேரில் பாருங்கள். “காரம் இல்லாம” என்று ரெஸ்டாரன்ட் பையனிடம் சொன்னால் மிளகாய்த்தூளைக் குறைத்துவிட்டுப் பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு அனுப்புவார்கள். குழையக் குழைய வேகவைத்த சாதம், உப்பும் மஞ்சளும் மட்டும் போட்ட பருப்பு, தாளிப்பு வேண்டாம், ஆறரைக்கு அறைக்கு வேண்டும் என்று ஒன்றொன்றாகச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சமையல்கட்டில் குழந்தைக்கு என்றால் மனமுவந்து செய்வார்கள். சில இடங்களில் பணமும் வாங்க மாட்டார்கள். அவருக்குத் தனியாக ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

பஃபேயில் நறுக்கி வைத்த பழத்தை எடுக்காதீர்கள். எத்தனை மணிக்கு நறுக்கினார்களோ. முழுத் திராட்சை, வேர்க்கடலை, பாப்கார்ன் மூன்றும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, வரவேற்பு பானத்தில் கலந்திருந்தாலும். பால் மாவு கரைக்கிறவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரை நம்பாமல், கொதிக்க வைத்து அரை மணிக்குள் எடுத்த சூட்டிலேயே கரைத்து, பிறகு பாட்டிலைக் குழாயடியில் பிடித்து ஆற்றிக் கொடுங்கள். மாவிலிருக்கும் கிருமி சாக 70 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கரைத்து இரண்டு மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்.

குளமும் கடலும்

முழுகும் குழந்தை கத்தாது. கையைக் காலை அடித்துக்கொண்டு அலறுவதெல்லாம் சினிமாவில்தான். சத்தமே இல்லாமல் சில விநாடிகளில் நடந்துவிடும், அதுவும் முழங்கால் ஆழத்தில். சுற்றிலும் பத்து பேர் இருக்கும்போது நடப்பதற்குக் காரணம், பத்து பேரும் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பதுதான். ஆகவே பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: “இப்போ நான் பாக்கறேன்”, “இனிமே நீங்க பாருங்க”. பார்க்கிறவர் கையில் போன் இருக்கக் கூடாது. குழந்தை அவர் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். தோளில் மாட்டும் காற்றடைத்த பட்டைகளும் வாத்து டியூபும் விளையாட்டுச் சாமான்கள், உயிர் காப்பவை அல்ல.

சாதாரண டயப்பரோடு தண்ணீரில் இறக்கினால் அது ஊதி ஒரு கிலோ கனத்துக்குத் தொங்கும். நீச்சல் டயப்பர் தனியாகக் கிடைக்கிறது, நான்கு போதும். காலை பத்து மணிக்கு முன் குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும், பதினொன்றரைக்கு மேல் வெயில். ஆக மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் குள நேரம், பிறகு சாயங்காலம் நாலரைக்கு மேல். உதடு நீலம் பாய்ந்தால் அழுதாலும் தூக்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் வெயில் க்ரீம் தடவ வேண்டாம், நிழலே போதும்.

கடலில் இறங்க வேண்டாம். இந்தக் கரையில் வங்கக் கடல் இரண்டு எட்டில் ஆழமாகும், இழுப்பும் அதிகம். பெரியவர்களே இறங்கக் கூடாத கடல். மணல் போதும். காலை ஆறிலிருந்து ஏழரை வரை ஈர மணலில் ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் கொடுத்து உட்காரவைத்தால், நண்டு வளை ஒன்றே அந்தக் காலைக்குப் போதுமானது. உட்காரும் இடத்தை முதலில் காலால் அளைந்து பாருங்கள்; மீன் தூண்டில் முள்ளும் பாட்டில் ஓடும் கிடக்கும். ரிசார்ட்டுக்குச் சொந்தக் கரை இல்லை என்றால் கோவளம் போகலாம். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை; கழிப்பறையும் குளிக்கும் இடமும் உண்டு.

வெளியே போவது ஒரே ஒரு முறை, காலையில், இரண்டு மணி நேரத்துக்குள். மாமல்லபுரத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல் அர்ஜுனன் தபசுக்கு மட்டும் போங்கள். பெரிய யானையின் காலுக்கடியில் குட்டிகள் இருக்கும். யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும், சுற்றி எலிகள். நான்கு வயதுப் பிள்ளையிடம் “பூனை எங்கே?” என்று கேட்டுவிட்டால், தேடிக் கண்டுபிடிக்கும்வரை இடத்தைவிட்டு நகராது. பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவின் பழைய வீட்டு முற்றங்களும் இந்த வயதுக்கு நல்ல இடம், செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

யாருக்கு விடுமுறை

பல வீடுகளில் ரிசார்ட்டுக்குப் போய் வருவது என்றால் அம்மா அதே வேலையை வசதி குறைந்த இடத்தில் செய்வது. சமைக்க வேண்டாம், அவ்வளவுதான். இதைக் கிளம்பும் முன்பே பேசித் தீர்க்க வேண்டும், அங்கே போய்ப் பேசினால் சண்டையாகும். நான் சொல்லும் ஏற்பாடு இது: விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை அப்பாவின் பொறுப்பு. குழந்தையையும் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். அறைக்குள்ளேயே இருந்துகொண்டு “டயப்பர் எங்க வெச்சிருக்க?” என்று கேட்பது கணக்கில் சேராது. மதியத் தூக்கத்தின்போது அப்பா நீந்தலாம், தூங்கலாம். ராத்திரி குழந்தை தூங்கியபின் அறை வாசலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுங்கள். கதவு திறந்திருந்தால் முனகல் கேட்கும். கீழ்த்தள அறையின் இன்னொரு லாபம் இது.

தாத்தா பாட்டியை அழைத்துப் போவதானால் அவர்களுக்குத் தனி அறை எடுங்கள், அடுத்தடுத்த அறையாக. குழந்தையை அவர்களிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் நாள் முழுக்கக் காணாமல் போவதற்குப் பெயர் அழைத்துப் போவது அல்ல. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் கேட்கலாம். “நீ போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்” என்று அவர்கள் சொல்வார்கள்தான். முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு சொல்வார்கள்.

மருந்துப் பை

உங்கள் குழந்தை மருத்துவர் எடைக்கு எழுதிக் கொடுத்த பாராசிட்டமால், அளவு எழுதிய சீட்டோடு. வீட்டில் சொட்டு மருந்து பழகியவர்கள் அவசரத்தில் கடையில் சிரப் வாங்கி அளவைக் குழப்பிக்கொள்வதுண்டு. சொட்டு மருந்தில் வழக்கமாக 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 250. மாற்றி ஊற்றினால் நான்கு மடங்கு வரை போய்விடும். பழகின பாட்டிலையே எடுத்துப் போங்கள். தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, டயப்பர் புண்ணுக்கு துத்தநாகக் களிம்பு.

ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு அட்டைப்பெட்டியில் வந்த இனிப்புச் சாறுகள் வேறு, மருந்து வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் பொட்டலமாகக் கேளுங்கள். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண்ணால் அளக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே விடுமுறை முடிந்தது, நேராக மருத்துவமனை. எந்த வயதானாலும் ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, தூக்கம் கலையவில்லை, நெஞ்சுக்கூடு உள்வாங்கி மூச்சு விடுகிறது என்றாலும் அப்படியே. மாமல்லபுரம் பக்கம் இருந்தால் ராத்திரி எங்கே போவது என்று போகும் முன்பே முடிவு செய்யுங்கள்: கேளம்பாக்கமா, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா. ரிசார்ட்டின் முழு முகவரியைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைக்கும்போது பதற்றத்தில் வாயில் வராது.

கிளம்பும் நாள்

பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்றால் பத்து மணிக்குக் கிளம்புங்கள். காலைச் சாப்பாடு முடிந்து, கடைசியாக ஒரு தடவை புல்வெளியில் ஓடவிட்டு, களைத்ததும் வண்டியில் ஏற்றினால் அந்தத் தூக்கத்தில் வீடு வந்து சேரலாம். இன்னொரு முறை குளத்தில் இறங்கலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இறங்கினால் ஈரத்துணி, தலை துவட்டல், பசி, அழுகை என்று பகல் ஒரு மணி ஆகும். அந்த வெயிலில் சோழிங்கநல்லூர் நெரிசலில் முழித்துக்கொண்டு வரும். முந்தின நாள் ராத்திரியே பில்லைச் சரிபார்த்துப் பணம் கட்டிவிடுங்கள். ஈரத்துணிக்குத் தனிப் பை. கட்டிலுக்கடியில், திரைச்சீலைக்குப் பின்னால், ஃப்ரிட்ஜில் மூன்று இடத்திலும் பாருங்கள். பொம்மை, ஒற்றைச் செருப்பு, பால் பாட்டில் மூன்றும் முறையே அங்கேதான் இருக்கும். மறுநாள் அலுவலகத்துக்கு அரை நாளாவது லீவு சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அன்று ராத்திரி தூளியைப் பார்த்ததும் குழந்தை முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும்.